கைதிக்கு நாற்பத்திரண்டாவது பூச்சு

நாற்பத்தொரு முறை பெயிண்ட் அடித்த மோட்டாரின் மேல் கை வைத்தால் சூடு உடனே தெரியாது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரிவதுபோல, சுவரைத் தாண்டி மெதுவாகத்தான் வரும். அன்று காலை, இரவு ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, கையை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். நல்ல பேரிங் வண்டுபோல ஒரே சுருதியில் இரையும். இது மணலை மென்றுகொண்டிருந்தது.

எங்கள் நீரேற்று நிலையத்தில் இந்த மோட்டாரையும் அதோடு சேர்ந்த பம்பையும் 'கைதி' என்றுதான் சொல்வோம். பதினோரு நாள் போரில் எதிரியின் எல்லை நகரத்தைப் பிடித்தபோது அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்த மூன்று ஜோடிகளில் கடைசி ஜோடி இது. மூத்த கைதி பதினாறு வருடத்துக்கு முன்னால் செத்தது. நடுக் கைதி ஆறு வருடத்துக்கு முன்னால். செத்தவற்றின் போல்ட், வளையம், பேரிங் எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கித்தான் மூன்றாவதன் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தோம்; மோட்டார் மூடியை மட்டும் யாரும் தொட்டதில்லை. இரண்டு பிணத்தை அறுத்து ஒரு நோயாளியை நடக்கவைப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் பராமரிப்பு என்று பெயர்.

செத்த இரண்டும் அதே மேடையில்தான் நிற்கின்றன. அவற்றுக்கும் பெயிண்ட் உண்டு. ஒவ்வொரு வெற்றித் திருநாளிலும் அமைச்சர் வந்து முதல் பூச்சைத் தன் கையால் இழுப்பார், கை தட்டுவார்கள், மீதியைப் பெயிண்டர் அடிப்பார். பச்சை நிறம். பழைய பெயிண்டைச் சுரண்டக் கூடாது. அது போன வருடத்து மரியாதையாம். மரியாதையின் மேல் மரியாதை ஏறி ஏறி, சூடு வெளியே போவதற்காக மோட்டார் உடம்பில் வரிவரியாக வார்த்திருந்த பள்ளங்களெல்லாம் தூர்ந்துவிட்டன. எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மூடிப்போயிற்று.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப் போய்விட்டது, குடிக்கத் தண்ணீர் வேண்டும், வேறு வழியில்லை. பம்ப் செய்யும் தொழிற்சாலையைப் பெரிதாக்கினார்கள். இன்றைக்குப் பாதி உலகம் அவர்களிடம் வாங்குகிறது. ஜெயித்த நாங்கள் தூரிகை வாங்கினோம்.

எட்டு மணிக்கு சூப்பிரண்ட் வந்தார். நிலையத்தின் தலைமை அதிகாரி. கெட்டவர் இல்லை. நெற்றியில் எப்போதும் ஒரு கேள்வி சுருங்கிக் கிடக்கும், அதை யாரிடமும் கேட்கமாட்டார். கையில் வெற்றித் திருநாளுக்கான இருக்கை வரைபடம் வைத்திருந்தார்.

"சார், பேரிங் போயிடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ நிறுத்திப் பிரிக்கணும். ஆறு மணி நேரம் குடுங்க."

"ஒன்பது நாள்ல விழா இருக்கு தம்பி."

"விழா வரைக்கும் தாங்காது சார்."

"பதினோரு நாள்ல ஒரு நாட்டையே மண்டி போட வெச்சோம். ஒன்பது நாள் ஒரு பேரிங் தாங்காதா?"

இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"சார், அந்தப் பதினோரு நாள் இந்த பேரிங்குக்குத் தெரியாது. எண்ணெய் இருந்தா ஓடும், இல்லன்னா இறுகும். இறுகினா உள்ள சுத்தற ஷாப்டு கருகும். மாத்தலாம்னா செத்த கைதிங்க ஷாப்டும் ஏற்கெனவே கருகிப்போச்சு. மேட்டுத் தெரு முழுக்க மாசக்கணக்குல தண்ணி கிடையாது."

அவர் வரைபடத்தை மடித்தார். "புரியுது. ஆனா மூடியைத் திறக்கணும்னா பெயிண்டை உடைக்கணும் இல்லையா? மோட்டார் நம்ம வாரியத்தோடது. பெயிண்டும் வெற்றி எழுதின பித்தளைத் தகடும் போர் நினைவுத் துறையோடது. அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. நான் தடுக்கல."

தடுக்காமலே தடுப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

மேட்டுத் தெரு என்றால் எனக்கு அக்கா. சரிவின் உச்சியில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். தொடர்ந்து மூன்று நாள் விரிப்பு திரும்பிப் போகவில்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. மாமா போன பிறகு அவளாக நின்று கட்டிய ஒரே விஷயம் அது. கைதி ஒரு நாள் நின்றால் தொட்டித் தண்ணீரை வைத்துச் சமாளிப்பாள். கைதி செத்தால் அவள் கடையும் செத்தது. கணக்கு அவ்வளவுதான். இதை நான் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

போர் நினைவுத் துறை அலுவலகத்தில் மின்விசிறி நன்றாக ஓடியது. அதிகாரி ஒரு பெண்மணி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரும் கைதி ஏற்றியதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கோப்பு ஒன்றை எடுத்து விரித்தார்.

"கைப்பற்றிய பொருளைப் பிரிக்கலாம். தடையில்ல. ஆனா அசல் உதிரிபாகம் மட்டும்தான் போடணும்."

"அசல் அவங்க நாட்டுல செய்யறது மேடம்."

"ஆமா. அவங்க நாட்டுலேருந்து அரசாங்கம் எதையும் வாங்கக் கூடாது. அது தனி விதி."

"அப்ப பழுதானா என்ன பண்றது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "பழுதாகறதுக்கு இதுல இடமில்லீங்க," என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி. பொருளின் நிலை என்ற கட்டத்தில் நாற்பத்தொரு முறையும் 'மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்தது. மூன்றுக்கும். பதினாறு வருடத்துக்கு முன்னால் செத்ததும் மிகச் சிறப்பு.

"மூத்தது செத்து பதினாறு வருஷம் ஆச்சு மேடம். உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு தடவை எலி குட்டி போட்டிருந்துச்சு."

"வெளித்தோற்றம்தானே எங்க துறை," என்றார். அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மேசை மேலிருந்த காகித எடையை ஓரம் தள்ளி வைத்தார். "நீங்க மனு குடுத்துட்டுப் போங்க. விழா முடிஞ்சதும் குழு கூடும்."

மனு கொடுத்தேன். கொடுத்ததற்கு முத்திரை வாங்கினேன். அந்த முத்திரை பிறகு எதற்கும் உதவவில்லை.

தூக்கம் இல்லாத கண்ணோடு அக்கா கடைக்கு ஏறினேன். கடைக்குள் நீராவியும் சோப்பு வாடையும். பெரிய துவைக்கும் மெஷின் வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. அப்பா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். மூலையோடு மூலை சேர்த்து, மேலே ஒரு தட்டு. பட்டாளத்தில் படித்த மடிப்பு.

அப்பா அந்தப் போரில் இருந்தவர். இருபத்திரண்டு வயதில் லாரி ஓட்டினார். கைதிகளை ஏற்றிவந்தது அவருடைய லாரிதான். ஊரில் இதை அறியாதவர் கிடையாது, ஏனென்றால் அறியாதவருக்கு அவரே சொல்லிவிடுவார்.

"என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

சொன்னேன். சூப்பிரண்ட் சொன்னதையும் சொன்னேன், நினைவுத் துறையையும் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்தினால் பயந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அப்பா மட்டும் தலை நிமிராமல், "அது சும்மா நிக்காது," என்றார். "எங்க கையால தூக்கினது. எவ்வளவு கெட்டி தெரியுமா?"

"செஞ்சவன் கெட்டியா செஞ்சான். நீங்க தூக்கினீங்க. ரெண்டும் ஒண்ணாப்பா?"

"ஜெயிச்சோம்டா."

"சரி. ஜெயிச்சீங்க. யாரு இல்லன்னாங்க? ஜெயிச்ச மறுநாள் காலையில என்ன பண்ணீங்க? அதுக்கு மறுநாள்? நாப்பத்தொரு வருஷமா ஒருத்தனாவது அந்த மூடியைத் திறந்து பாத்தானா? புது பம்ப் ஒண்ணு வாங்கலாம்னு எவனாவது சொன்னா, இருக்கற மூணும் நம்ம பெருமைன்னு வாயை அடைச்சீங்க. பெருமையைக் குழாய்ல விட்டா மேட்டுக்கு ஏறுமா?"

"டேய், அப்பாகிட்ட கத்தாத," என்றாள் அக்கா. "காலேஜை ரெண்டாவது வருஷத்துல விட்டுட்டு ஓடி வந்தவனுக்கு வாய் மட்டும் என்ஜினியர் வாய்."

"விட்டுட்டு வந்தவன்தான் ராத்திரி பூரா அதுக்குக் காவல் இருக்கேன். படிச்சு முடிச்சவன் இருக்கை போடற வரைபடம் வெச்சிருக்கான்."

அப்பா ஒரு உறையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"ஒரு பெட்டி இருந்துச்சு," என்றார்.

"என்ன பெட்டி?"

"மரப்பெட்டி. பம்புங்க பக்கத்துலயே. உள்ள மெழுகுக் காகிதம் சுத்தி என்னென்னவோ. பேரிங்கா இருக்கும். ஒரு தடி புஸ்தகமும் இருந்துச்சு. லாரில மூணு பம்ப், மூணு மோட்டார் ஏத்தியாச்சு. இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடம். பெட்டி நாலு பேர் தூக்கற கனம். எங்க சார்ஜண்ட் கொடிக்கம்பத்தை ஏத்தச் சொல்லிட்டார். அவங்க டவுன் ஹால் வாசல்ல நின்ன கம்பம். பித்தளை முனை வெச்சது." அப்பா உறையைத் தட்டின் மேல் வைத்தார். "பெட்டியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்."

இத்தனை வருடக் கதையில் இந்தப் பெட்டி ஒருநாளும் வந்ததில்லை. கொடிக்கம்பம் வந்திருக்கிறது. அது இப்போது வெற்றி மைதானத்தில் நிற்கிறது. அதற்கும் பச்சைப் பெயிண்ட்.

கோபம் வர வேண்டிய இடம். வந்தது சிரிப்பு. நல்ல சிரிப்பில்லை.

நான் பையிலிருந்து நடுக் கைதியின் தேய்ந்துபோன மோட்டார் பேரிங்கை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரத்தில் எண் குத்தியிருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"போன வருஷம் இந்த மெஷினுக்கு மாத்தினதும் இதே மாதிரி நம்பர்தான்டா. ஏஜென்ட் கொண்டு வந்தான். கடைசி எழுத்து மட்டும் வேற."

"எந்த நாட்டுச் சரக்கு?"

"பெட்டி மேல ஏதோ தீவு பேரு போட்டிருந்துச்சு. ஸ்டிக்கரைச் சுரண்டினா அடியில அவங்க பேருதான். டவுன்ல எல்லாரோட மெஷினும் அவங்களோடதுதான். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் பகலில் தூங்குகிறவன்.

ஏஜென்ட் இரண்டு நாளில் இரண்டு பேரிங் கொண்டுவந்து கொடுத்தான். மெழுகுக் காகிதம் சுற்றியது. ஒரு நாட்டை எதிரி என்று எழுதிவைத்திருக்கிறோம், அதன் சரக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு முன் வாசல் வழியாகவே வந்துபோகிறது. தண்ணீர் ஏற்றும் இடத்துக்கு மட்டும் வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சூப்பிரண்ட் மைதானத்தில் அணிவகுப்பு ஒத்திகைக்குப் போவார் என்று தெரியும். பகல் ஆளிடம் சொல்லி அவன் ஷிப்டை நான் வாங்கிக்கொண்டேன். அக்கா முந்தின நாள் மாலையே தெருவில் வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஆறு மணி நேரம் தண்ணி வராது, பிடிச்சு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். ஆறு மணிக்கு சுவிட்சை இறக்கினேன். கைதி முனகிக்கொண்டே நின்றது. அது நின்ற பிறகு வந்த அமைதியை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆறு மணி நேரம் என்று நான் சொன்னது, போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்த மோட்டாருக்கு. இதில் போல்ட்டைக் காணவில்லை. மூடியைச் சுற்றிப் பச்சை மேடு, அவ்வளவுதான். உளியை வைத்துத் தட்டினேன். பெயிண்ட் ஓடு ஓடாக விழுந்தது, ஆமை முதுகுபோல. உடைந்த விளிம்பைப் பார்த்தால் வருடங்கள் தெரிந்தன: கரும்பச்சை, இளம்பச்சை, ஒரு மஞ்சள் கலந்த பச்சை, மறுபடி கரும்பச்சை. ஒவ்வொரு அமைச்சருக்கும் ஒரு பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய சாம்பல் நிறம். செய்தவன் அடித்தது. அந்த ஒரு பூச்சு மட்டும் தேவைக்கு அடித்தது.

ஒன்பது மணிக்கு அப்பா வந்தார். பழைய காக்கிச் சட்டை. கையில் சமையலறைக் கத்தி.

"எதுக்கு வந்தீங்க?"

"நான் ஏத்தினது. நான் சுரண்டறேன்."

"முட்டி வலிக்குதுன்னு சொல்லுவீங்களே?"

"அது உக்காந்தா. இது நின்னு பண்ற வேலை. வாயை மூடிட்டு உளியைக் குடு."

அவர் வரிப் பள்ளங்களைச் சுரண்டினார், நான் போல்ட்டுகளைத் தேடினேன். ஒன்பது கிடைத்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும். மீதி மூன்றைத் தேடி மதியம் போனது. எண்ணெய்க் கண்ணாடியும் அகப்பட்டது. துடைத்துப் பார்த்தேன். அதற்குள் எண்ணெயே இல்லை. மூடிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு. பித்தளைத் தகடு இல்லை, பெருமை எழுதியது இல்லை. அவர்கள் எழுத்தில் இரண்டு வரி.

"அப்பா, உங்களுக்கு அவங்க எழுத்து தெரியுமில்ல?"

"போர் முடிஞ்சப்புறம் மூணு மாசம் அங்க காவல் இருந்தேன். கடைப் பலகை படிக்கிற அளவுக்கு." அவர் குனிந்து, எச்சில் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "எண்ணெய்... மாசம். மாசாமாசம் எண்ணெய். அடுத்தது பன்னிரண்டு... வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா... மாத்து." நிமிர்ந்தார். "என்னத்த மாத்தறதுன்னு போட்டிருக்கற வார்த்தை எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

மூன்று மணிக்கு வாசலில் குடம் சத்தம் கேட்டது. சொன்ன ஆறு மணி நேரம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு பெண் கம்பிக் கதவை உலுக்கினாள். "ஏம்பா, ஒரு நாட்டைப் பிடிச்சுட்டு வர பதினோரு நாளு. ஒரு பம்பைக் கழட்ட எத்தனை நாளு?"

"இன்னும் பெயிண்டையே பிடிச்சு முடிக்கலம்மா," என்று அப்பா உள்ளிருந்து கத்தினார்.

நாலு மணிக்கு சூப்பிரண்ட் வந்தார். ஒத்திகை உடுப்போடு வந்தார், தோளில் சரிகை. தரையெல்லாம் பச்சைச் செதில். அதன் நடுவில் கைதி பாதி உரிந்து சாம்பலாகத் தெரிந்தது.

"மூடு," என்றார். "இப்பவே மூடு."

"மூடலாம் சார். மூடினா விழா அன்னிக்கு மைதானத்துப் பவுண்டன்ல தண்ணிக்குப் பதிலா காத்துதான் வரும்."

"யாரு உனக்கு உத்தரவு குடுத்தா?"

"மணல் அரைக்கிற சத்தம் குடுத்துச்சு. வந்து பாருங்க சார்." அப்போதுதான் கழற்றிய கைதியின் பேரிங்கை அவர் உள்ளங்கையில் வைத்தேன். உருண்டைகள் உருண்டையாக இல்லை. ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்து முடித்த என்ஜினியர்தான், பார்த்தால் தெரியும். அவருடைய நெற்றிச் சுருக்கம் ஒரு நொடி கேள்வியாக மாறியது.

"எப்ப முடியும்?"

"நாளைக்கு மதியம்."

"முடிச்சுடு," என்றார். பிறகு, "முடிச்சதும் உன்னை சஸ்பெண்ட் பண்ணணும். தப்பா நினைக்காத," என்றார்.

புதுப் பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்கினேன். சூடேறினால் அது மயிரிழை விரியும், அப்போதுதான் ஷாப்டில் நழுவி உட்காரும். அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். கையுறை போட்டுக்கொண்டு ஒரே தள்ளு. உட்கார்ந்தது. மறுநாள் கண்ணாடியில் மட்டம் தெரியும்வரை எண்ணெய் ஊற்றி, இரண்டு மணிக்கு சுவிட்சை ஏற்றினேன். வண்டு இரைந்தது. மோட்டார் மேல் கை வைத்தேன். நூறு வரை எண்ணினேன். கையை எடுக்கத் தோன்றவில்லை.

அக்காவின் விரிப்புகள் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பிப் போயின. மூன்று நாள் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், ஒப்பந்தத்தை விட்டுவைத்தார்கள். நான் சஸ்பெண்ட் ஆர்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். காரணம்: கைப்பற்றிய பொருளின் வெளித்தோற்றத்துக்குச் சேதம்.

வெற்றித் திருநாள் அன்று காலை சாவியை ஒப்படைக்கப் போனேன். நிலையத்தில் யாரும் இன்னும் வரவில்லை. அலமாரியில் கிரீஸ் டப்பா இருந்தது. சுரண்டிய வரிப் பள்ளங்களிலும், கண்ணாடியிலும், அந்த இரண்டு வரித் தகட்டிலும் விரலால் அள்ளிப் பூசிவிட்டு வந்தேன். கிரீஸ் இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. இதற்குப் படிப்பு வேண்டாம்.

மைதானத்தில் பவுண்டன் தண்ணீர் போன வருடத்தைவிட ஓர் ஆள் உயரம் அதிகமாக எழும்பியது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அமைச்சர் அப்படியே நீரேற்று நிலையத்துக்கு வந்தார். வாசலில் மேடை. நான் கூட்டத்தோடு நின்றேன்.

"நாற்பத்தொரு ஆண்டுகள்!" என்றார் அமைச்சர். "எதிரியிடமிருந்து நாம் பறித்த இயந்திரம் இன்றுவரை ஒரு நாளும் களைக்கவில்லை! இன்றைக்கு நீங்களே பார்த்தீர்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்பியது என்று! அன்று சிந்திய ரத்தம் நம் பிள்ளைகளின் நாளையை, அவர்கள் பிள்ளைகளின் நாளையை, பத்திரமாக்கிவிட்டது!"

கைதட்டல். என் பேரிங்கை எடுத்து அவர் போருக்குக் கொடுத்துவிட்டார். நான் சரியாக வேலை செய்ததுதான் அவருக்குச் சாட்சி. செய்யாமல் விட்டிருந்தால் மேட்டுத் தெரு காய்ந்திருக்கும், அதற்கு ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதியிருப்பார்கள். எப்படி விழுந்தாலும் போர்தான் ஜெயிக்கிறது.

பிறகு அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வருடாவருடம் கூப்பிடுவார்கள். லாரி, குண்டு, இருட்டு, பாலம் என்று நாலு வார்த்தை பேசி இறங்குவார். இந்தத் தடவை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒரு பெட்டி இருந்துச்சு," என்றார். "உதிரி சாமான் பெட்டி. எப்படிப் பாத்துக்கணும்னு புஸ்தகமும் உள்ளயே இருந்துச்சு. கனமா இருக்குன்னு அதை விட்டுட்டு, கொடிக்கம்பத்தை ஏத்திட்டு வந்தோம். அது தப்பு. அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அமைச்சர் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். "பட்டாளத்துக்காரர் குசும்பு!" என்று அமைச்சர் அவர் தோளில் தட்டினார். இதுவரை அப்பாவுக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

முதல் பூச்சுக்கு அமைச்சர் தூரிகையை முக்கி எடுத்து, நேராகத் தகடு இருக்கும் இடத்திலேயே இழுத்தார். பெயிண்ட் நிற்கவில்லை. துளித்துளியாகத் திரண்டு வழிந்து அவர் ஷூவில் சொட்டியது. மறுபடி இழுத்தார். மறுபடி வழிந்தது.

"என்னய்யா இது?"

"புது ரகம் சார்," என்றார் சூப்பிரண்ட். "ஊறினாத்தான் பிடிக்கும்." சொல்லும்போதே கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

மாலையில் அவரே சலவைக்கடைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அக்கா ஸ்டூல் போட்டாள். உட்காரவில்லை.

"கிரீஸா?"

"ஆமா சார்."

"துடைச்சுட்டு அடிக்கச் சொல்லிட்டேன். வேற வழியில்ல. நினைவுத் துறை அம்மா நாளைக்குப் பார்வையிட வராங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனா மோட்டாரோட கீழ்ப்பாதியை விட்டுட்டு அடிக்கச் சொன்னேன். அந்த வரிவரியா இருக்கற இடம். அங்க யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க."

"தகடு?"

"அது மேல்பாதி தம்பி."

அவர் ஏதோ பெரிய காரியம் செய்தவர்போல நின்றுவிட்டு, அவர் கணக்கில் அது பெரிய காரியம்தான், சரிவில் இறங்கிப் போனார்.

"அப்ப எவ்வளவு நாள் ஓடும்?" என்றாள் அக்கா.

"பாதி மூச்சுதானே விடும். பன்னிரண்டுல பாதின்னு வெச்சுக்க. ஆறு வருஷம்."

"ஆறு வருஷமா?" அவள் முகம் தெளிந்தது. மெஷினுக்குள் விரிப்புகளை அள்ளிப் போட ஆரம்பித்தாள். "அது போதும்டா. அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாற்பத்தொரு வருடமாக ஊரே சொன்ன வார்த்தை அது. இப்போது என் அக்கா, சோப்புக் கையோடு, சந்தோஷமாகச் சொல்கிறாள்.

மிச்சமிருந்த இரண்டாவது பேரிங்கை எடுத்தேன். மெழுகுக் காகிதத்தைப் பிரிக்காமல் அக்காவிடமிருந்த பழைய சோப்புப் பெட்டியில் வைத்தேன். கூடவே ஒரு எண்ணெய் டப்பா, பேரிங்கைக் கழற்றும் புல்லர், பன்னிரண்டு போல்ட்டும் எங்கே இருக்கின்றன என்று நான் வரைந்த படம். தகட்டின் இரண்டு வரியையும் எங்கள் எழுத்தில் எழுதி, எந்த வருடம் திறக்க வேண்டும் என்று மூடியின் மேல் போட்டேன். அலமாரியில் கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டைக் காலி செய்யச் சொன்னேன்.

"அங்க தலையணை உறை வெச்சிருக்கேன்டா," என்றாள் அக்கா.

"உறையைக் கீழ வை."

அப்பா எழுந்து வந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம்," என்றார்.

"இருக்கட்டும். ஏத்துங்க," என்றேன்.